தள்ளினால் பக்கவாட்டில் நகரும் சுழிகள்

உரசலே இல்லாமல் ஓடும் மீப்பாய்மங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் சீக்கிரமே ஒரு வரி எதிர்ப்படும். ஒரே பக்கமாகச் சுற்றும் இரண்டு சுழிகள் ஒன்றையொன்று விலக்கும், எதிரெதிர்ப் பக்கமாகச் சுற்றுபவை ஒன்றையொன்று ஈர்க்கும் என்று அது சொல்லும். முதன்முதலில் இதைப் படித்தபோது என் மனதில் வந்தவை காந்தத் துண்டுகள்தான். ஒத்த முனைகளை அருகில் வைத்தால் விலகி ஓடும், மாற்று முனைகளை வைத்தால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். சுழிகளும் அப்படித்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் ஒரு காகிதத்தில் இரண்டு புள்ளிகளை வைத்து, அடுத்த நொடியில் ஒவ்வொன்றும் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒத்த சுழிகள் விலகவே இல்லை, ஒன்றையொன்று வட்டமாகச் சுற்றிவந்தன. மாற்றுச் சுழிகள் நெருங்கவே இல்லை, இடைவெளி மாறாமல் சேர்ந்தாற்போல நேர்கோட்டில் போயின. பாடத்தில் இருந்த வரி பொய் இல்லை. ஆனால் அது எந்தச் சூழலுக்குப் பொருந்தும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

மீப்பாய்மம் என்றால் என்ன என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹீலியத்தை 2.17 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் அதன் ஒரு பகுதி பாகுத்தன்மை என்பதே இல்லாத திரவமாகிவிடும். மிக மெல்லிய இடுக்குகள் வழியாகக்கூட உரசல் இல்லாமல் ஓடும். மாஸ்கோவில் பியோத்தர் கபிட்சாவும், கேம்பிரிட்ஜில் ஜான் ஆலன், டான் மைஸ்னர் இருவரும் தனித்தனியாகக் கண்டறிந்த இந்தச் சங்கதி, 1938 ஜனவரியில் அடுத்தடுத்த கட்டுரைகளாக வெளிவந்தது. 1995-க்குப் பிறகு இன்னொரு வகை மீப்பாய்மமும் கைக்கு வந்தது. ருபிடியம், சோடியம் போன்ற அணுக்களின் வாயுவைக் கெல்வினில் கோடியில் சில பங்கு என்ற அளவுக்குக் குளிர்வித்தால் உருவாகும் போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கம்தான் அது. சுழிகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பாதி இந்த வாயுக்களில் படம் பிடித்துப் பார்த்தது.

சரி, சுழிக்கு வருவோம்.

கடிகாரமுள் கணக்கு

ஒரு தொட்டியில் தண்ணீரைக் கலக்கினால் எவ்வளவு வலிமையான சுழி வேண்டுமானாலும் உண்டாக்கலாம். கொஞ்சம் வேகமாகக் கலக்கினால் கொஞ்சம் வலிமை கூடும். மீப்பாய்மத்தில் அது நடக்காது. அங்கே சுழிக்கு ஒரே ஓர் அளவுதான் உண்டு, அல்லது அதன் முழு மடங்குகள்.

காரணம் இது. மீப்பாய்மத்தில் உள்ள கோடிக்கணக்கான அணுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே குவாண்டம் அலையாக நடந்துகொள்கின்றன. அந்த அலைக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு கட்டம் உண்டு. அதை ஒரு சின்னக் கடிகாரமுள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். திரவத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முள், ஏதோ ஒரு மணியைக் காட்டி நிற்கிறது. பக்கத்துப் பக்கத்து முட்கள் ஒரே மணியைக் காட்டினால் திரவம் அசையாமல் நிற்கிறது என்று பொருள். நகர நகர முள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினால் அந்தத் திசையில் திரவம் ஓடுகிறது. எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறதோ அவ்வளவு வேகம்.

இப்போது ஒரு வட்டத்தைச் சுற்றி நடந்துபாருங்கள். 12 மணி காட்டும் முள்ளில் தொடங்குகிறீர்கள். வழியில் முட்கள் 1, 2, 3 என்று திரும்பிக்கொண்டே வருகின்றன. வட்டத்தை முடித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்தால் அங்கே அதே பழைய முள்தான் நிற்கிறது. அது 12-ஐத்தான் காட்டியாக வேண்டும். ஆக, சுற்றி வருவதற்குள் முள் ஒரு முழுச் சுற்று திரும்பியிருக்கலாம், இரண்டு சுற்று திரும்பியிருக்கலாம், திரும்பாமலே இருந்திருக்கலாம். ஒன்றரைச் சுற்றுக்கு அங்கே இடமில்லை.

1949-இல் லார்ஸ் ஆன்சாகர் இதை ஒரு மாநாட்டில் போகிறபோக்கில் சொன்னார். 1955-இல் ரிச்சர்ட் ஃபைன்மன் தன் வழியில் இதே முடிவுக்கு வந்து விரிவாக எழுதினார். சுழியின் வலிமைக்குச் சுற்றோட்டம் என்று பெயர். அதன் ஓர் அலகு என்பது பிளாங்க் மாறிலியை ஓர் அணுவின் நிறையால் வகுத்தால் வருவது. ஹீலியத்துக்கு அது நொடிக்குக் கிட்டத்தட்ட 0.1 சதுர மில்லிமீட்டர். குவாண்டம் இயற்பியலில் இருந்து வரும் ஓர் எண், பள்ளிக்கூட அளவுகோலில் பார்க்கக்கூடிய அளவில் இருப்பது எனக்கு இன்னமும் வியப்புத்தான்.

வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? வட்டம் எவ்வளவு சின்னதானாலும் முள் ஒரு முழுச் சுற்று திரும்பியே ஆக வேண்டும். ஆகவே நடுவை நெருங்க நெருங்க வேகம் ஏறும். ஹீலியத்தில் சுழியின் நடுவிலிருந்து 1 மில்லிமீட்டர் தள்ளி வேகம் நொடிக்கு 16 மைக்ரோமீட்டர்தான், எறும்பைவிட மெதுவு. 1 மைக்ரோமீட்டர் தூரத்தில் நொடிக்கு 1.6 சென்டிமீட்டர். 1 நானோமீட்டர் தூரத்தில் நொடிக்கு 16 மீட்டர். நடுவிலேயே வேகம் முடிவிலியாக வேண்டும், அது முடியாது. அதனால் அந்த இடத்தில் மீப்பாய்மமே இல்லாமல் போய்விடுகிறது. சுழியின் நடுவில் ஒரு நுண்ணிய ஓட்டை விழுகிறது. ஹீலியத்தில் அந்த ஓட்டை ஓர் அணுவின் அளவே இருக்கும். குளிர்வித்த வாயுக்களில் அது மைக்ரோமீட்டரை ஒட்டிய அளவு. ஒடுக்கத்தை விரியவிட்டுப் படமெடுத்தால் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிபவை இந்த ஓட்டைகள்தான்.

முப்பரிமாணத்தில் சுழி என்பது ஒரு கோடு. வளையும், நெளியும், முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அதன் கணக்கு ஒரு பெரிய தலைவலி. ஆனால் ஹீலியத்தைச் சில அணுக்கள் கனமுள்ள ஏடாகப் பரப்பினாலோ, வாயுவை லேசர் ஒளியால் அப்பளம்போல் தட்டையாக அழுத்தினாலோ, நெளிவதற்குச் சுழிக்கு இடம் இருக்காது. அது ஒரு புள்ளியாகிவிடும். அந்தப் புள்ளி இருக்கும் இடம், சுற்றும் பக்கம் ஆகிய இரண்டையும் சொன்னால் சுழியைப் பற்றிச் சொல்ல வேண்டியதைக் கிட்டத்தட்ட முழுவதும் சொன்னதாகிவிடும். கடிகாரத்தின் பக்கமாகச் சுற்றுவதை வலஞ்சுழி என்றும், அதற்கு எதிராகச் சுற்றுவதை இடஞ்சுழி என்றும் சொல்லும் வழக்கம் தமிழில் ஏற்கனவே இருப்பது நமக்கு வசதி.

இரண்டு சுழிகள்

ஒற்றைச் சுழி, அமைதியான பரப்பின் நடுவே, தன்னைத்தானே நகர்த்திக்கொள்ளாது. அதைச் சுற்றித் திரவம் ஓடும், அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதை நகர்த்த வேண்டுமானால் அது இருக்கும் இடத்தில் வேறு ஏதோ ஓர் ஓட்டம் இருக்க வேண்டும். ஆற்றில் விழுந்த இலைபோல, அந்த ஓட்டம் போகும் பக்கமாகச் சுழியும் போகும். நம் கதையின் ஒரே விதி இதுதான்: ஒரு சுழி, மற்ற சுழிகள் எல்லாம் சேர்ந்து அது இருக்கும் இடத்தில் உண்டாக்கும் ஓட்டத்தின் வேகத்தோடு நகரும்.

இரண்டு இடஞ்சுழிகளை 1 மில்லிமீட்டர் இடைவெளியில், ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் வைப்போம். இடப்பக்கச் சுழியைச் சுற்றித் திரவம் கடிகாரத்துக்கு எதிராக ஓடுகிறது, ஆகவே அதன் வலப்பக்கத்தில் ஓட்டம் மேல்நோக்கி இருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கும் இரண்டாவது சுழி மேலே போகிறது. இரண்டாவது சுழியின் இடப்பக்கத்தில் ஓட்டம் கீழ்நோக்கி, ஆகவே முதல் சுழி கீழே போகிறது. கொஞ்சம் நகர்ந்ததும் இருவரையும் இணைக்கும் கோடு சாய்கிறது, அதோடு ஓட்டத்தின் திசையும் சாய்கிறது. ஒவ்வொன்றும் எப்போதும் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகவே நகர்வதால் இடைவெளி மாறுவதில்லை. நடுப்புள்ளியை மையமாக வைத்து இரண்டும் வட்டமடிக்கின்றன. ஹீலியத்தில் இந்த 1 மில்லிமீட்டர் ஜோடி ஒரு சுற்றை முடிக்க 198 நொடி ஆகும், அதாவது மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். இடைவெளியைப் பத்தில் ஒரு பங்காக்கினால் நேரம் நூறில் ஒரு பங்காகும், இரண்டே நொடி.

இப்போது வலப்பக்கத்தில் இருப்பதை வலஞ்சுழியாக மாற்றுங்கள். இடப்பக்கச் சுழி அதை முன்போலவே மேலே தள்ளுகிறது. ஆனால் வலஞ்சுழியின் இடப்பக்கத்தில் ஓட்டம் இப்போது மேல்நோக்கி. ஆகவே முதல் சுழியும் மேலே போகிறது. இரண்டும் தோளோடு தோள் சேர்ந்து, இடைவெளி மாறாமல் நேர்கோட்டில் பயணிக்கும். 1 மில்லிமீட்டர் இடைவெளியில் அந்த ஜோடியின் வேகம் நொடிக்கு 16 மைக்ரோமீட்டர். இடைவெளி 10 மைக்ரோமீட்டர் என்றால் நொடிக்கு 1.6 மில்லிமீட்டர். நெருக்கமான ஜோடி வேகமாகப் போகும், அகன்ற ஜோடி ஆடி அசைந்து போகும்.

இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். அகலமான தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு தட்டைச் செங்குத்தாகப் பாதி அமிழ்த்தி, மெதுவாக முன்னே தள்ளி, சட்டென்று மேலே எடுத்துவிடுங்கள். தட்டின் இரு ஓரங்களும் இருந்த இடத்தில் இரண்டு சின்னக் குழிகள் தோன்றி, சேர்ந்தே தொட்டியின் மறுகோடி வரை நீந்திப் போகும். நீரில் பாகுத்தன்மை இருப்பதால் சீக்கிரம் அடங்கிவிடும். சுழிகளின் வலிமையும் நீங்கள் தள்ளிய வேகத்தைப் பொறுத்தது. மற்றபடி அதே ஜோடிதான். 2010-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதன் குவாண்டம் வடிவத்தைச் செய்து காட்டினார்கள். தட்டையான ருபிடியம் ஒடுக்கத்தை லேசர் ஒளியால் ஆன ஒரு தடையைத் தாண்டிச் செலுத்தியபோது வலமும் இடமுமாக ஒரு ஜோடி உருவானது. அது அந்த வாயு மேகத்தின் ஓரம் வரை போய், அங்கே பிரிந்து, ஆளுக்கொரு பக்கமாக ஓரத்தைச் சுற்றிவந்து, மறுபடி சந்தித்தது.

ஓரத்தைச் சுற்றிப் போனதற்கும் இதே விதிதான் காரணம். சுவரை ஊடுருவித் திரவம் ஓட முடியாது. அந்த நிபந்தனையைக் கணக்கில் கொண்டுவர ஒரு பழைய தந்திரம் உண்டு. சுவருக்கு அப்பால், கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல, எதிர்ப்பக்கமாகச் சுற்றும் ஒரு கற்பனைச் சுழியை வைத்தால் போதும். சுவருக்கு அருகே உள்ள சுழி தன் பிம்பத்தோடு ஜோடி சேர்ந்து சுவரை ஒட்டியே நகரும். வட்டமான பாத்திரத்தில் மையம் விலகி இருக்கும் தனிச்சுழி பாத்திரத்தைச் சுற்றிச்சுற்றி வருவதும் இதனால்தான்.

மலைப்பாதை

ஈர்ப்பு, விலக்கு என்ற பேச்சு அப்படியானால் எங்கிருந்து வந்தது? ஆற்றலில் இருந்து வந்தது. இரண்டு ஒத்த சுழிகள் நெருங்க நெருங்க, இரண்டின் ஓட்டங்களும் வெளியே ஒன்றோடொன்று கூடி, மொத்த இயக்க ஆற்றல் ஏறுகிறது. மாற்றுச் சுழிகள் நெருங்கினால் தூரத்தில் இரண்டின் ஓட்டங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, ஆற்றல் இறங்குகிறது. நெருங்கினால் ஆற்றல் இறங்கும் என்றால் ஈர்ப்பு, ஏறும் என்றால் விலக்கு. இதுவரை காந்தக் கதைதான்.

வித்தியாசம், விசைக்குச் சுழி எப்படிப் பதில் சொல்கிறது என்பதில் இருக்கிறது. மலைச்சரிவில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது கீழ்நோக்கி உருளும். சுழியை அதே சரிவில் வைத்தால் அது கீழே உருளாது, மேலேயும் ஏறாது. ஒரே உயரத்தில், சரிவுக்குக் குறுக்காக நடக்கத் தொடங்கும். மலையைச் சுற்றிப் போகும் ஒற்றையடிப்பாதைபோல. சரிவு செங்குத்தாக இருந்தால் வேகமாக நடக்கும், மந்தமாக இருந்தால் மெதுவாக நடக்கும். ஏன் இப்படி என்றால், ஓட்டத்தின் நடுவே சுழலும் பொருள் ஓட்டத்துக்குக் குறுக்காக ஒரு விசையை உணரும், சுழற்றி எறிந்த பந்து காற்றில் வளைவதுபோல. மேக்னஸ் விசை என்பார்கள். சுழிக்கு நிறை என்று சொல்லத்தக்க எதுவும் பெரும்பாலும் இல்லாததால், அதன்மேல் விழும் எல்லா விசைகளும் அந்தந்தக் கணமே ஒன்றையொன்று ஈடுசெய்தாக வேண்டும். நீங்கள் ஒரு பக்கம் தள்ளினால், அதை ஈடுகட்டும் மேக்னஸ் விசை கிடைக்கும் வரை சுழி பக்கவாட்டில் நகர்ந்தே தீரும்.

ஆகவே ஒத்த சுழிகளின் வட்டம், மாற்றுச் சுழிகளின் நேர்கோடு இரண்டும் ஆற்றல் மலையில் ஒரே உயரத்தில் போகும் பாதைகள். ஆற்றலை இழக்க வழியில்லாதவரை அந்த உயரம் மாறாது.

உண்மையான மீப்பாய்மத்தில் வெப்பநிலை தனிச்சுழியத்துக்கு (0 கெல்வினுக்கு) மேலே இருப்பதால் கொஞ்சம் சாதாரணத் திரவமும் கலந்தே இருக்கும். அது சுழியின்மேல் லேசாக உரசும். அப்போதுதான் பாடத்தின் வரி மெய்யாகிறது. பாதை கீழ்நோக்கி மெல்லச் சரிகிறது. ஒத்த ஜோடி வட்டமடித்தபடியே சுருள்சுருளாக அகல்கிறது. மாற்று ஜோடி முன்னே போய்க்கொண்டே நெருங்குகிறது, நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது, இடைவெளி ஓட்டையின் அளவுக்குச் சுருங்கியதும் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது ஒலியலைகள். விலக்கு, ஈர்ப்பு என்பவை உரசல் இருக்கும்போது வெகுநேரம் கழித்துத் தெரியவரும் முடிவுகள். உடனடி நடத்தை எப்போதும் பக்கவாட்டில்தான்.

ஆற்றலைப் பற்றி இன்னொன்று. அது தூரத்தின் மடக்கையாக மாறுகிறது. மடக்கை மிக மெதுவாக ஏறும் சார்பு. ஹீலியச் சுழியின் ஓட்டையிலிருந்து 1 சென்டிமீட்டர் வரை தூரம் 10 கோடி மடங்கு கூடுகிறது, மடக்கையோ வெறும் 18-ஐத் தொடுகிறது. மெதுவாகத்தான் ஏறுகிறது, ஆனால் ஏறுவதை நிறுத்துவதே இல்லை. அதனால் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு சுழி இன்னொன்றின் பிடியிலிருந்து முழுதாக விடுபடாது. இந்த 'நிறுத்துவதே இல்லை' சற்று நேரத்தில் பெரிய வேலை செய்யப் போகிறது.

இரண்டு அலகு வலிமையுள்ள ஒற்றைச் சுழி ஏன் நிலைப்பதில்லை என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஆற்றல் வலிமையின் இருமடிக்கு ஏற்ப கூடும். இரண்டு அலகுச் சுழிக்கு 4 பங்கு ஆற்றல், இரண்டு தனிச் சுழிகளுக்கு மொத்தம் 2 பங்கு. பிரிந்துபோவதே லாபம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் 2004-இல் சோடியம் ஒடுக்கத்தில் அப்படியொரு இரட்டைச் சுழியை வேண்டுமென்றே உண்டாக்கி, அது இரண்டாகப் பிளப்பதைப் படம் பிடித்தார்கள்.

மூன்று, நான்கு, நூறு

மூன்று சுழிகளை விட்டால் வேடிக்கை கூடும், ஆனால் பாதைகளைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். நான்காவது வந்ததும் பொதுவாகக் குழப்ப இயக்கம் தொடங்கிவிடுகிறது. தொடக்க இடத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பாதைகள் தலைகீழாக மாறிவிடும். எல்லைகளற்ற பரப்பில், நான்கே புள்ளிகள், உரசல் இல்லை, விதியோ ஒரே வரி. அதற்கே இந்தக் கதி.

ஆனால் எல்லாமே ஒத்த சுழிகளாக இருந்து, பாத்திரமும் சேர்ந்து சுழன்றால், குழப்பத்துக்கு நேர்மாறான ஒன்று நடக்கும். மீப்பாய்மம் திடப்பொருள்போல மொத்தமாகச் சுழல முடியாது. அதனால் சுழற்சியை ஈடுகட்டத் தேவையான எண்ணிக்கையில் சுழிகளை உள்ளே விடும். நொடிக்கு ஒரு ரேடியன் வேகத்தில் சுழலும் ஹீலியத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 2000 சுழிகள் இருக்கும். ஒன்றையொன்று விலக்கியபடி, உரசலில் ஆற்றலை இழந்து, கடைசியில் அவை முக்கோண அடுக்காக அமர்கின்றன. 2001-இல் எம்ஐடி எடுத்த படங்களில் சோடியம் ஒடுக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்புப் புள்ளிகள், தேன்கூட்டு அறைகளின் மையங்கள்போல ஒழுங்காக இருக்கும். முதல் தடவை பார்ப்பவர் யாரோ கணினியில் வரைந்தது என்றே நினைப்பார்.

இரண்டு வகைச் சுழிகளும் கலந்திருக்கும்போதுதான் இருபரிமாணத்தின் பெரிய கதை நடக்கிறது. வெப்பம் தானாகவே சுழிகளைப் பிறப்பிக்கும். ஆனால் ஒற்றையாக இல்லை, ஒரு வலஞ்சுழியும் ஓர் இடஞ்சுழியுமாக ஜோடியாகத்தான். தனியாக ஒரு சுழியைப் படைக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? ஏட்டின் அளவின் மடக்கை. பெரிய ஏட்டில் அது கட்டுப்படியாகாத விலை. ஜோடிக்கோ தூரத்தில் ஓட்டங்கள் கழிந்துவிடுவதால் விலை குறைவு.

ஆனால் வெப்பநிலை கூடும்போது விலையை மட்டும் பார்த்தால் போதாது, ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபியையும் பார்க்க வேண்டும். தனிச் சுழி ஏட்டில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். உட்காரக்கூடிய இடங்களின் எண்ணிக்கை, ஏட்டின் பரப்பை ஓட்டையின் பரப்பால் வகுத்தால் வருவது. என்ட்ரோபி அந்த எண்ணிக்கையின் மடக்கை. இங்கேதான் ஆச்சரியம்: செலவும் மடக்கை, வரவும் மடக்கை. ஏடு எவ்வளவு பெரிதானாலும் இரண்டும் ஒரே மாதிரி ஏறுகின்றன. ஆகவே யார் ஜெயிப்பார் என்பது ஏட்டின் அளவைப் பொறுத்ததே இல்லை, முன்னால் நிற்கும் பெருக்கெண்களைப் பொறுத்தது. என்ட்ரோபியின் பெருக்கெண்ணில் வெப்பநிலை இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே சுழிகள் ஜோடியாகவே கட்டுண்டு கிடக்கும். அதைத் தாண்டியதும் ஜோடிகள் அவிழ்ந்து, தனிச் சுழிகள் ஏடு முழுவதும் அலையத் தொடங்கும்.

கட்டுண்ட ஜோடி மீப்பாய்வைக் கெடுப்பதில்லை. அவிழ்ந்த சுழி கெடுத்துவிடும். அது ஓட்டத்துக்குக் குறுக்கே ஏட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகும்போது, கடிகாரமுட்களின் திருகலில் ஒரு முழுச் சுற்று குறைந்துபோகிறது. திருகல்தான் வேகம் என்பதால் ஓட்டம் தேய்கிறது. ஆகவே ஜோடிகள் அவிழும் கணமே மீப்பாய்மம் சாதாரணத் திரவமாகிவிடுகிறது.

வாதீம் பெரெசின்ஸ்கி 1970-களின் தொடக்கத்தில் மாஸ்கோவிலும், மைக்கேல் காஸ்டர்லிட்ஸ், டேவிட் தௌலஸ் இருவரும் பர்மிங்ஹாமில் 1973-இலும் இதைச் சொன்னார்கள். காஸ்டர்லிட்ஸுக்கும் தௌலஸுக்கும் டங்கன் ஹால்டேனோடு சேர்த்து 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரெசின்ஸ்கி 1980-லேயே இறந்துவிட்டார்.

மேலே நான் சொன்ன கணக்கு கொஞ்சம் முரட்டுக் கணக்கு. ஒரு பெரிய ஜோடியின் நடுவே பல சின்ன ஜோடிகள் கிடக்கும். அவை பெரிய ஜோடியின் ஓட்டத்துக்கு ஏற்பத் திரும்பி அதன் பிடியைத் தளர்த்தும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு துல்லியமான முன்கணிப்பு வருகிறது. 1977-இல் டேவிட் நெல்சனும் காஸ்டர்லிட்ஸும் அதை எழுதினார்கள். ஜோடிகள் அவிழும் அந்த வெப்பநிலையை (இனி மாற்ற வெப்பநிலை என்போம்) தொட்டதும் மீப்பாய்ம அடர்த்தி, அதாவது ஒரு சதுர அளவு ஏட்டில் மீப்பாய்மமாக இருக்கும் நிறை, படிப்படியாகத் தேயாமல் ஒரேயடியாகச் சுழியத்துக்கு விழ வேண்டும். விழுவதற்குச் சற்று முன் இருந்த அடர்த்தியை மாற்ற வெப்பநிலையால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். ஹீலியத்துக்கு அது, சதுர சென்டிமீட்டருக்கு, கெல்வினுக்குச் சுமார் 3.5 நானோகிராம். ஏட்டின் கனமோ, கீழே இருக்கும் பரப்பு எதனால் ஆனது என்பதோ அந்த எண்ணைத் தொடாது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேவிட் பிஷப், ஜான் ரெப்பி இருவரும் 1978-இல் இதை அளந்தார்கள். நீளமான பிளாஸ்டிக் தாளைப் பாய்போல் சுருட்டி, அதன் பரப்பில் ஹீலிய ஏட்டைப் படியவைத்து, முறுக்குக் கம்பியில் இங்கும் அங்குமாக ஆடவிட்டார்கள். சாதாரண ஹீலியம் தாளோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்து ஆடும். மீப்பாய்மமான பகுதி ஆட்டத்தில் கலந்துகொள்ளாமல் நின்றுவிடும், அதனால் ஆடும் எடை குறைந்து ஆட்டம் வேகமாகும். அந்த மிகச் சிறிய வேக மாற்றத்திலிருந்து அடர்த்தியைக் கண்டார்கள். ஏட்டின் கனத்தைக் கூட்டிக் குறைத்தபோது மாற்ற வெப்பநிலையும் மாறியது, ஆனால் வகுத்து வந்த எண் அசையவில்லை. 2006-இல் பாரிஸில் ழான் தலிபார் குழுவினர் ருபிடியம் வாயுவில் இதையே வேறு விதமாகப் பார்த்தார்கள். இரண்டு தட்டை மேகங்களை ஒன்றின்மேல் ஒன்று விரியவிட்டபோது இரண்டின் அலைகளும் குறுக்கிட்டு வந்த கோடுகள் சில படங்களில் நடுவே உடைந்து இடம் மாறியிருந்தன. ஒரு மேகத்தில் தனிச் சுழி இருந்ததன் அடையாளம் அது. வெப்பநிலை கூடியபோது உடைந்த கோடுகளும் பெருகின.

சூடேற்றினால் கூட்டம் சேரும்

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1949-இல் ஆன்சாகர் இன்னொன்றையும் கவனித்தார். சாதாரணத் துகளுக்கு ஆற்றலை ஏற்ற ஏற்ற அதன் வேகம் எல்லையில்லாமல் கூடலாம், அதனால் ஒழுங்கின்மையும் கூடிக்கொண்டே போகும். சுழிக்கு வேகம் என்று தனியாக எதுவும் இல்லை. இடம் தெரிந்தால் வேகம் தெரிந்துவிடும். ஆகவே சுழிகள் எப்படியெல்லாம் இருக்கலாம் என்ற கணக்கு, அவை எங்கெல்லாம் இருக்கலாம் என்ற கணக்காகச் சுருங்குகிறது. பாத்திரத்தின் பரப்புக்கு எல்லை உண்டு.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு பாத்திரத்தில் பாதி வலஞ்சுழி, பாதி இடஞ்சுழி. ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும்போது மாற்றுச் சுழிகள் ஜோடி ஜோடியாக ஒட்டிக் கிடக்கும். ஆற்றலை ஏற்றினால் ஜோடிகள் கலைந்து, சுழிகள் கண்டபடி சிதறும். ஒழுங்கின்மை உச்சத்தைத் தொட்டாயிற்று. இன்னும் ஆற்றலை ஏற்றினால்? ஒத்த சுழிகள் நெருங்கினால்தான் ஆற்றல் கூடும் என்று பார்த்தோம். ஆகவே வலஞ்சுழிகள் ஒரு பக்கமும் இடஞ்சுழிகள் மறுபக்கமுமாகக் கூட்டம் சேர்ந்தாக வேண்டும். ஆற்றலை ஏற்றினால் ஒழுங்கு கூடுகிறது. ஆற்றலை ஏற்றும்போது ஒழுங்கின்மை எவ்வளவு கூடுகிறது என்பதை வைத்துத்தான் இயற்பியலில் வெப்பநிலையை வரையறுக்கிறார்கள். அந்த வரையறைப்படி இது எதிர்ம வெப்பநிலை. சுழியத்தைவிடக் குளிர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம், எந்த நேர்ம வெப்பநிலையையும்விடச் சூடானது. சின்னச் சுழிகள் சேர்ந்து ஒரு பெரிய சுழற்சியை உண்டாக்கும் இந்தப் போக்கைத்தான் வளிமண்டலத்தின் பெருஞ்சுழல்களைப் பற்றிப் பேசும்போதும் நினைவுகூர்கிறார்கள்.

70 ஆண்டுகள் இது காகிதத்திலேயே இருந்தது. 2019-இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு குழுக்கள், ஒன்று குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், ஒன்று மோனாஷ் பல்கலைக்கழகத்தில், தட்டையான ருபிடியம் ஒடுக்கத்தில் இதைக் கண்முன் கொண்டுவந்தன. குயின்ஸ்லாந்துக் குழு லேசர் ஒளியையே துடுப்பாக்கி மேகத்தைக் கலக்கியது. மோனாஷ் குழு வரிசையாக ஒளித் தடைகளை மேகத்தின் ஊடே இழுத்தது. அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. நெருங்கிய மாற்று ஜோடிகள் அழிந்து மறைய மறைய, மிஞ்சிய சுழிகளில் ஒவ்வொன்றுக்கும் சராசரி ஆற்றல் கூடியது. ஏழைகள் வெளியேறியதால் ஊரின் சராசரிச் சொத்து கூடுவதுபோல. மேகம் அடங்கிக்கொண்டிருக்கும்போதே சுழிகள் சூடேறின, வலஞ்சுழிகள் ஒரு புறமும் இடஞ்சுழிகள் மறுபுறமுமாக ஒதுங்கின.